தோல் நோகும் குழந்தைக்குத் துணி துவைப்பது

குழந்தைக்கு எக்ஸிமா என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பல வீடுகளில் இரண்டு பொருள்கள் மாறிவிடும். ஒன்று குளிக்கிற சோப்பு, மற்றொன்று துணி துவைக்கிற தூள். குளியலைப் பற்றிப் போன அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். துணி சோப்பு விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: கடையில் குழந்தைப் படம் போட்ட பாக்கெட்டுகளில் விலை கூடியதாக ஒன்றை எடுத்து வருவார்கள். இரண்டு வாரம் கழித்தும் பிள்ளை முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே இருக்கும். உடனே அடுத்த பாக்கெட், அதுவும் சரிவராமல் இன்னொன்று. பணம் போவதோடு, எதுவுமே உதவாது என்ற சலிப்பும் வந்து சேரும்.

தேர்வைக் கடையில் தொடங்குவதால் வரும் சிக்கல் இது. துவைத்துக் காய்ந்த துணியைக் கையில் எடுத்துப் பார்த்துத் தொடங்க வேண்டும். அலசிய பிறகும் நூலிழைகளுக்குள் தங்கிவிட்ட மிச்சம்தான் பிள்ளையின் தோலில் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கிறது. மிச்சம் குறைவாக வைக்கிற தூள் எது, மிச்சமில்லாமல் துவைப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தே போக வேண்டியவை. என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

சோப்பின் பங்கு எவ்வளவு

எக்ஸிமாவை ஊரில் கரப்பான் என்பார்கள். அது துணி சோப்பால் வருகிற நோய் இல்லை. தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் உண்டு. அதற்கான மரபணுவில் உள்ள குறைபாடு எக்ஸிமாவுக்கு வலுவான காரணங்களில் ஒன்று என்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தோலின் காப்பு பலவீனமாக இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் வெளியேறும். வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்கள் எளிதாக உள்ளே போகும். மற்றப் பிள்ளைகள் உணராத சோப்பு மிச்சத்தை இந்தப் பிள்ளையின் தோல் உணர்வது அதனால்தான்.

ஒவ்வாமையும் எரிச்சலும் வேறு வேறு. 'சோப்பு அலர்ஜி' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வட அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொடர்பு ஒவ்வாமை இருக்குமோ என்று வந்த 738 பேருக்குச் சலவை டிடர்ஜென்ட்டை வைத்து ஒட்டுச் சோதனை செய்து பார்த்தார்கள். அதை ஒத்துக்கொள்ளாத தோல் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. மெய்யான ஒவ்வாமை அவ்வளவு அபூர்வம். எரிச்சல் அப்படியல்ல. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். 5ஐ ஒட்டி இருக்கும். சலவைத்தூள் கரைத்த தண்ணீரின் பி.எச். 10க்குப் பக்கத்தில் இருக்கும். அந்தக் காரம் சரியாக அலசாத பனியனில் தங்கி, பிள்ளைக்கு வியர்க்கும்போது மறுபடி கரைந்தால், பலவீனமான தோல் தாங்காது.

ஆகவே எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். தூளை மாற்றினால் எக்ஸிமா போய்விடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பும், தினமும் தடவும் ஈரப்பதக் கிரீமும்தான் முதன்மைச் சிகிச்சை. துணியைச் சரிசெய்வது அந்தச் சிகிச்சையைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதற்கு.

முதலில் படை இருக்கும் இடத்தைப் பாருங்கள்

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, சிவந்த இடங்களைக் கவனியுங்கள். சாதாரண எக்ஸிமா கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் கைகால்களின் வெளிப்பக்கத்திலும் வரும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும். துணியிலுள்ள ஏதோ ஒன்று தூண்டுகிறது என்றால் வரைபடம் வேறாக இருக்கும்: ஜட்டி எலாஸ்டிக் இறுக்கும் இடுப்பு, காலர் உரசும் கழுத்து, அக்குளின் விளிம்பு, தொடையின் உள்பக்கம். துணி இறுக்கமாகப் படிகிற இடமும் வியர்க்கிற இடமும் சேருமிடம் முதலில் சிவக்கும்.

கன்னத்தில் மட்டும் படை இருந்தால் துணிக்குத் தொடர்பில்லை என்றும் உடனே முடிவுகட்டாதீர்கள். கைக்குழந்தையின் கன்னம் நாளெல்லாம் எதன் மேல் கிடக்கிறது? அம்மாவின் நைட்டித் தோள்பட்டையில், பாட்டியின் சேலை முந்தானையில், அப்பாவின் சட்டையில். பிள்ளையின் துணிக்கு மட்டும் விலை கூடிய லிக்விட் வாங்கிவிட்டு, பெரியவர்கள் துணிக்குப் பழைய வாசனைத் தூளையே போடும் வீடுகள் நிறைய. பிள்ளையைத் தூக்குகிற எல்லோருடைய மேல்துணியும் இந்தக் கணக்கில் வர வேண்டும். தூளி கட்டும் பழைய சேலையை மறக்கவே கூடாது. குழந்தை தலை முதல் கால் வரை அதில்தான் சுருண்டு கிடக்கிறது. தலையணை உறை, படுக்கை விரிப்பு, துவட்டும் துண்டு எல்லாமே அப்படித்தான். பிள்ளைக்குத் தனியாக ஒன்று, வீட்டுக்குத் தனியாக ஒன்று என்று வைப்பதைவிட, வாசனையில்லாத ஒரே தூளுக்கு வீடு முழுவதும் மாறிவிடுவது சுலபம். ஒரே மெஷினில் மாறிமாறித் துவைத்தால் முந்தைய வாசனை தூள் போடும் தட்டிலும் ரப்பர் வளையத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் வாசனை. நான் எதையாவது பிடிவாதமாகச் சொல்வேன் என்றால் அது இதுதான்: வாசனைத் திரவியம் சேர்க்காததை வாங்குங்கள். சலவைப் பொருள்களில் சேர்க்கும் வாசனை, துணியில் தங்க வேண்டும் என்ற நோக்கத்தோடே செய்யப்படுவது. சிலவற்றில் வாசனையை நுண்ணிய உறைகளில் அடைத்துச் சேர்க்கிறார்கள். துணி உரசும்போது அவை உடைந்து மணக்கும். பிள்ளை ஓடியாடும்போதெல்லாம் அது தோலின் மேல்தான் உடைகிறது. எலுமிச்சை மணம் தரும் லிமொனீன், லாவெண்டரில் உள்ள லினலூல் போன்றவை காற்றுப்பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தூண்டும் பொருளாக மாறக்கூடியவை. 'இயற்கை மணம்' என்று எழுதியிருப்பதால் அவை சாதுவாகிவிடாது. வெயிலில் காய்ந்த துணியை முகர்ந்து பாருங்கள். மணம் இருந்தால், மணக்கிற பொருளும் அங்கே இருக்கிறது.

வாசனை வராது என்பதும் வாசனைப்பொருள் இல்லை என்பதும் ஒன்றல்ல. மூலப்பொருளின் நெடியை அமுக்க இன்னொரு வாசனையைச் சேர்த்து, மொத்தத்தில் மணமே தெரியாமல் செய்திருப்பார்கள். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதைத் தேடுங்கள். 'அன்சென்டட்' என்று மட்டும் இருந்தால் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 26 வாசனைப் பொருள்களில் எது 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் டிடர்ஜென்ட் பாக்கெட்டில் அதன் பெயரைப் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நம் ஊர்ப் பாக்கெட்டுகள் பலவற்றில் முழுப் பட்டியலே இருக்காது. பட்டியல் போடாத ஒன்றையும் போட்ட ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தயங்கினால், போட்டதை எடுங்கள்.

'ஹைப்போஅலர்ஜெனிக்', 'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்' ஆகிய சொற்களுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 1975இல், அழகுசாதனங்களில் முதல் சொல்லைப் போட வேண்டுமானால் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977இல் நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. அந்தச் சொல்லுக்கு அங்கே இன்றைக்கும் சட்டப்படியான பொருள் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் நேஷனல் எக்ஸிமா அசோசியேஷனின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்காவது எழுதிவைத்த ஒரு தகுதிப் பட்டியல் உண்டு.

அடுத்து, தூளா லிக்விடா? லிக்விட் நன்றாகக் கரையும், சீக்கிரம் அலசப்படும், காரமும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதில் தண்ணீர் இருப்பதால் கெட்டுப்போகாமல் இருக்கப் பதப்படுத்தி சேர்த்தாக வேண்டும். அதில் மெத்தில்ஐசோதையசோலினோன் என்பதைப் பெயர் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொடர்புத் தோல் அழற்சிச் சங்கம் 2013இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது இதைத்தான். தோலில் தடவி அப்படியே விடுகிற கிரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை போட்டது. துணியில் தங்கும் அளவு மிகக் குறைவு என்பதால் எல்லாப் பிள்ளைக்கும் இது ஆபத்தில்லை. ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பிள்ளைக்கு ஆபத்து. தூளில் தண்ணீர் இல்லை, பதப்படுத்தி தேவையில்லை. ஆனால் சோடா உப்பின் காரம் அதிகம். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாமல் பை மடிப்பிலும் தையல் ஓரத்திலும் மணல்போல் நிற்கும். வெந்நீரில் கரைத்துவிட்டுத் துணியைப் போடுகிறவர்களுக்குத் தூள் போதும். அதற்கு நேரமில்லாத வீட்டுக்கு லிக்விட். மெஷினில் அப்படியே போடும் சின்ன ஜெல் உறைகள் பார்க்க மிட்டாய் மாதிரி இருப்பதால், நடக்கத் தொடங்கிய பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வாயில் கடித்து, கண்ணில் பீய்ச்சி, ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிள்ளைகள் பல நாடுகளில் உண்டு.

பார் சோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துவைக்கிற கல்லில் துணியை விரித்து, காலரிலும் கைமுனையிலும் இடுப்புப் பட்டியிலும் பாரை அழுத்தித் தேய்ப்போம். அழுக்கு அங்கேதானே அதிகம். பிள்ளையின் தோலை இறுக்கமாகத் தொடுவதும் அதே இடங்கள்தான். மற்ற இடத்தைவிடப் பல மடங்கு சோப்பு அங்கே ஏறிவிடும். அலசும்போது எல்லா இடத்துக்கும் ஒரே அலசல்தான். பாரைக் கெட்டியாக்க வெண்களிமண், சுண்ணக்கல் தூள் போன்றவற்றைச் சேர்ப்பதும் உண்டு. அவை தண்ணீரில் கரையாது. எக்ஸிமா பிள்ளையின் துணிக்குப் பாரை நிறுத்திவிடுங்கள். காலர் அழுக்குப் போக, கரைத்து வைத்த லிக்விடைச் சில சொட்டு விட்டு விரலால் தேய்த்தால் போதும்.

என்சைம் பயம்

லண்டனில் இருக்கும் உறவுக்காரர்களிடம் கேட்டால் 'நான் பயோ வாங்கு' என்பார்கள். என்சைம் இல்லாத தூளுக்கு அங்கே அந்தப் பெயர். அந்தப் பழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1983இல் பிரிட்டனில் பலரும் வாங்கிய ஒரு தூளில் என்சைம் சேர்த்துப் புதிதாக விட்டார்கள். தோல் எரிகிறது என்று புகார்கள் குவிந்தன. அடுத்த ஆண்டே பழைய தூளையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்தபோது என்சைம்மேல் குற்றம் நிற்கவில்லை. 1998இல் டென்மார்க்கில் எக்ஸிமா உள்ளவர்களுக்கே என்சைம் உள்ள தூளையும் இல்லாத தூளையும், எது எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள், தோலில் வித்தியாசமில்லை. 1960களின் இறுதியில் தூள் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் என்சைம் புழுதியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூச்சுக்கோளாறு வந்தது உண்மை. அதற்குப் பிறகுதான் என்சைமைப் புழுதி பறக்காத சிறு மணிகளாக மூடிச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

பால், தயிர்சாதம், பருப்புக் கறை சாதாரணத் தண்ணீரிலேயே போவதற்கு என்சைம் உதவுகிறது. அதனால் தூளின் அளவைக் குறைக்க முடிகிறது. என் தேர்வு, வாசனையில்லாத, என்சைம் உள்ள தூள். பட்டுப் பாவாடைக்கும் கம்பளித் துணிக்கும் மட்டும் அது ஆகாது. இரண்டுமே புரத இழைகள், என்சைம் அவற்றையும் அரிக்கும்.

தண்ணீரைப் பார்க்காமல் தூளைக் குறை சொல்லாதீர்கள்

ஒரே தூள் கோயம்புத்தூர் சிறுவாணித் தண்ணீரில் ஒருமாதிரியும், சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் வேறுமாதிரியும் நடந்துகொள்ளும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிற வீட்டில் தண்ணீர் கடினமானதுதான். அந்தக் கால்சியம், பழைய முறைக் கொழுப்புச் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் துணியில் படியும். டிடர்ஜென்டில் இது குறைவு என்றாலும் நுரை எழும்பாது. நுரை வரவில்லையே என்று இன்னொரு கை அள்ளிப் போடுவோம். 2018இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள், கடினத் தண்ணீரில் கழுவினால் சோப்பு மூலப்பொருள் தோலில் அதிகமாகப் படிகிறது என்றும், எக்ஸிமா உள்ளவர்களுக்கு அதனால் எரிச்சல் கூடுகிறது என்றும் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக்கே தண்ணீர் மென்மையாக்கும் கருவி மாட்டக் கிளம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் கடினத் தண்ணீர்ப் பகுதிகளில் வாழும் எக்ஸிமா உள்ள 336 பிள்ளைகளை வைத்து அதைச் சோதித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் கருவியை மாட்டி 12 வாரம் கவனித்தார்கள். 2011இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சையைவிட நோயில் கூடுதல் பலன் ஏதுமில்லை. அந்தப் பணம் கிரீமுக்குப் போகட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைத்தால், மழைத்தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ, பிள்ளையின் உள்ளாடைக்கும் தலையணை உறைக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

அளவும் அலசலும்

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு, அழுக்கான துணி நிறைந்த முழு மெஷினுக்கு. வீட்டுக்குள் விளையாடிய பிள்ளையின் வியர்வைப் பனியனுக்கு அதில் பாதி போதும். துணி மங்கினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். டப்பாவுக்குள் ஒரு சின்னக் கரண்டியைப் போட்டுவைத்து, 'அக்கா, இதில் தலைதட்டி ஒன்று, அவ்வளவுதான்' என்று வேலைக்கு வருகிறவரிடம் சொல்லிவிட்டால் கைக்குக் கை அளவு மாறாது.

இனி அலசல். தண்ணீர் பஞ்சமான வீட்டில்கூடச் செய்யக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். துவைத்துப் பிழிந்த துணியில் ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 30 லிட்டர் தண்ணீரில் ஒரே முறை அலசினால் சோப்பின் செறிவு 31இல் ஒரு பங்காகக் குறையும். அதே 30 லிட்டரை மூன்று வாளியாக, வாளிக்குப் பத்துப் பத்து லிட்டராகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த வாளியில் போட்டால்? முதல் வாளியில் 11இல் ஒரு பங்கு, இரண்டாவதில் 121இல் ஒரு பங்கு, மூன்றாவதில் 1,331இல் ஒரு பங்கு. தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. இழைக்குள் ஒட்டிக்கொண்ட சோப்பு இந்தக் கணக்குக்கு முழுக்கக் கட்டுப்படாது என்றாலும், நடுவில் பிழிவதன் பலன் இவ்வளவு பெரியது. பிழியாமல் வாளிவிட்டு வாளி மாற்றுவதில் பாதி உழைப்பு வீண். நுரை மிதக்கும் வாளியைத் துணியோடு சேர்த்துக் கவிழ்க்கவும் கூடாது; நுரை துணிமேலேயே வடியும். துணியை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, சோப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த துணியை ஸ்பின்னரில் போட்டு, மேலே நாலு மக் தண்ணீரை ஊற்றிச் சுற்றவிடுவது. மேல்துணி நனையும், அடித்துணியில் சோப்பு அப்படியே இருக்கும். முதலில் சோப்போடு ஒருமுறை சுற்றிப் பிழியுங்கள். பிறகு டப்பில் நல்ல தண்ணீர் நிரப்பி அலசவிட்டு, மறுபடி பிழியுங்கள். முடிந்தால் இன்னொரு தடவை. முழு ஆட்டோமேட்டிக்கில் 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' பொத்தானைப் பிள்ளையின் துணிக்கு எப்போதும் போடுங்கள். டிரம்மை அமுக்கி நிரப்பாதீர்கள். துணி புரள இடமில்லாவிட்டால் எத்தனை அலசலும் பயனில்லை. ஃப்ரண்ட் லோடு தண்ணீரைக் குறைவாக எடுப்பது, அதற்கென்று உள்ள நுரை குறைந்த வகையைத்தான் போட வேண்டும்.

மிச்சம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை எடுத்து, சுத்தமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து அதில் அமுக்கிக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல் கலங்கினாலோ, ஓரத்தில் சிறு குமிழிகள் சேர்ந்து கலையாமல் நின்றாலோ, உங்கள் தூள் எதுவாக இருந்தாலும் அலசல் போதவில்லை. புதிய பாக்கெட் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பழைய துண்டுகளில் பல மாதச் சோப்பு சேர்ந்திருக்கும். தூள் போடாமல் வெந்நீரில் மட்டும் இரண்டு முறை அலசியெடுத்தால் இறங்கிவிடும்.

துவைத்த பிறகு சேர்ப்பவை

அலசி முடித்த துணியில் நாமே வலியச் சேர்க்கிற சில பொருள்கள் உண்டு. கடைசித் தண்ணீரில் விடும் ஃபேப்ரிக் கண்டிஷனர் துணியில் தங்குவதற்காகவே செய்யப்படுவது. அதிலுள்ள வாசனையும் கூடவே தங்கும். துண்டு விறைத்திருக்கிறதே என்றால், கொடியிலிருந்து எடுத்ததும் பலமாக உதறி இரண்டு கையாலும் கசக்குங்கள். நீலம் போடுவதைப் பள்ளிச் சட்டையின் வெளித்தோற்றத்துக்காகச் செய்கிறோம். அளவாகக் கரைத்துப் போட்டால் பெரிய கெடுதல் இல்லை. பனியனுக்கும் ஜட்டிக்கும் எதற்கு? கஞ்சி போட்ட காலரின் விறைப்பான விளிம்பு கழுத்தை அறுக்கும்; அது வேண்டாம்.

தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினியைப் பிள்ளையின் துணி அலசும் வாளியில் ஒரு மூடி விடுவது பல வீடுகளில் அக்கறையின் அடையாளம். அதிலுள்ள குளோரோசைலெனால் எரிச்சலும் தரும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். சொறிந்து புண்ணாகிய தோலுக்கு அது கூடவே கூடாது. துணியில் உள்ள கிருமிக்கு வெந்நீரும் வெயிலும் போதும்.

பீரோவில் போடும் அந்துருண்டையும் இதில் சேரும். நாப்தலின் ஊறிய துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்துவது தோலைத் தாண்டிய ஆபத்து. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வந்ததாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் உண்டு. பெட்டியில் எடுத்துவைத்த அண்ணன், அக்காவின் பழைய துணியைத் தம்பிக்குப் போடும்முன் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

பூந்திக்கொட்டையைப் பலர் கேட்கிறார்கள். ஊறவைத்து வடித்த நீரில் காரமில்லை, செயற்கை வாசனையில்லை. லேசான அழுக்குக்கு நல்லது. களிம்புப் பிசுக்கு ஏறிய துணியில் அது தோற்றுவிடும். அதிலுள்ள சபோனினும் நுரை தரும் பொருள்தான், அதையும் அலசியே ஆக வேண்டும்.

களிம்பு ஏறிய துணி

எக்ஸிமா பிள்ளையின் துணிக்கே உரிய தொல்லை இது. இரவில் தடவும் பாரஃபின் களிம்பு உடுப்பிலும் விரிப்பிலும் ஏறும். குளிர்ந்த தண்ணீர்ச் சலவையில் அது போகாது. அடுத்தடுத்த சோப்பையும் வாசனையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தொட்டால் வழுவழுப்பும், நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். களிம்புக்கென்று இரண்டு மூன்று பழைய பருத்தி உடுப்புகளை ஒதுக்கிவிடுங்கள். துவைக்கும்முன் கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்சம் டிடர்ஜென்ட்டோடு அரைமணி ஊறவிடுங்கள். மெஷினின் ரப்பர் வளையத்தைக் களிம்பு கெடுக்கும். அவ்வப்போது துணியில்லாமல் ஒரு வெந்நீர்ச் சுற்று ஓட்டுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், வேகமாக எரியும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் இது பற்றி எச்சரிக்கை விட்டது: பாரஃபின் உள்ள களிம்பு, இல்லாத களிம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், துவைத்தாலும் முழுமையாக நீங்காமல் போகலாம் என்றது. ஆகவே அந்த உடுப்போடு பிள்ளையைக் குத்துவிளக்குப் பக்கத்திலோ அடுப்படியிலோ விடாதீர்கள். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது களிம்பு படாத, உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை இருக்கட்டும்.

புதுத் துணி

சுருக்கம் விழாமலிருக்கப் பூசும் ஃபார்மால்டிஹைட் பிசின்களும், கெட்டியாகப் பிடிக்காத சாயமும் புதுத் துணியில் இருக்கும். அடர்நிற பாலியஸ்டர் துணிகளின் சில நீலச் சாயங்கள் அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள்கள். பண்டிகைத் துணியை முன்கூட்டியே துவைத்துக் காயவைத்து, பிறகு ஓரத்தில் மஞ்சள் தடவி வையுங்கள். முறையும் கெடாது. பட்டுப் பாவாடையைத் துவைக்க முடியாது. ஜரிகை உரசாமல் உள்ளே துவைத்த பருத்திப் பாவாடை, சட்டைக்கு உள்ளே பனியன்.

வெளியே சலவைக்குப் போடுகிறவர்கள் பிள்ளையின் துணியை அதில் சேர்க்காமலிருப்பது நல்லது. பழைய காலத்தில் சலவைக் குறி போடச் சேராங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பக்கம் கொப்புளித்தபோது, காலரில் இருந்த அந்தக் குறிதான் காரணம் என்று 1943இல் ராணுவ மருத்துவர்கள் எழுதினார்கள். இன்றைக்குக் குறி மாறிவிட்டது. என்ன சோப்பு, எத்தனை அலசல் என்பது மட்டும் இன்றும் நம் கையில் இல்லை.

மாற்றிப் பார்க்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூள், குளியல் சோப்பு, கிரீம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. என் வரிசை இப்படி: முதலில் இருக்கிற தூளிலேயே அளவைக் குறைத்து, ஓர் அலசலைக் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரம் பார்த்துவிட்டு, பிறகு வாசனையில்லாததற்கு மாறுங்கள். புதிய தூள் போட்ட தொடக்கத்தில் பழைய மிச்சமும் துணியில் இருக்கும் என்பதால் நான்கு நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காலண்டரில் இரவுத் தூக்கத்தைக் குறித்துவையுங்கள். சொறிந்து எழுந்த இரவுகள் குறைகின்றனவா என்பது சிவப்பைவிட நம்பகமான அடையாளம்.

தூளைக் குழைத்துப் பிள்ளையின் கையில் தடவி 'சோதித்து'ப் பார்க்காதீர்கள். கரைக்காத டிடர்ஜென்ட் யார் தோலையும் எரிக்கும். அது எதையும் நிரூபிக்காது. துணி படும் இடங்களில் மட்டும் படை திரும்பத் திரும்ப வந்தால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை பற்றிக் கேளுங்கள். போகும்போது தூள், லிக்விட், கிரீம் எல்லாவற்றின் பாக்கெட்டையும் எடுத்துப்போங்கள், அல்லது உட்பொருள் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள். நீர் கசிந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினாலோ துணியைப் பற்றி யோசிக்க வேண்டாம். அது தொற்று. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.